விசுவாசப் பிரமாணமும் உறைகிணறும்

வானத்தையும் பூமியையும் படைத்த கடவுளை விசுவாசிக்கிறேன் என்று, ஆராதனையில் ஒப்பிக்கும் விசுவாசப் பிரமாணத்தில், வட சென்னையின் ராயபுரம் முதல் எண்ணூர் வரை வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். கத்தோலிக்கக் கோயிலில் சொற்கள் கொஞ்சம் மாறும், சி.எஸ்.ஐ. கோயிலில் கொஞ்சம் மாறும். தகரக் கூரை போட்ட பெந்தெகொஸ்தே சபைகளில் பிரமாணமாக ஒப்பிப்பதில்லை, பிரசங்கமாகவே சொல்லிவிடுவார்கள். சாரம் ஒன்றுதான். ஆனால் படைப்பு என்ற பேச்சு எடுத்தாலே விவாதம் நேராக ஆதியாகமம் சொல்லும் ஆறு நாட்களுக்குப் போய்விடும். ஆறு நாளா, கோடி ஆண்டா? டார்வின் சரியா, தப்பா? அதே கோயில் வளாகத்துக் கிணறு வருஷக்கணக்கில் உப்புக் கரித்துக்கொண்டிருக்கும். கமிட்டிக் கூட்டத்தில் தண்ணி லாரிக்கு எவ்வளவு என்பதைத் தாண்டி அதைப் பற்றிப் பேச்சு எழாது. படைத்தவரை நம்புகிறோம் என்பதற்கு உரைகல் அந்தக் கிணறுதான் என்பது என் கட்சி.

ஆறு நாள் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 17ஆம் நூற்றாண்டில் வேதாகமத்தின் வம்சப் பட்டியல்களைக் கூட்டிக் கழித்து, படைப்பு நடந்தது கி.மு. 4004 என்றார். பூமிக்கு ஆறாயிரம் வயது என்று இன்றும் சண்டே ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் அறிந்தோ அறியாமலோ அந்தக் கணக்கில்தான் நிற்கிறார்கள். ஆனால் ஆதி கிறிஸ்தவர்கள் எல்லாரும் இப்படி வாசிக்கவில்லை. சூரியன் நான்காம் நாளில்தான் உண்டாகிறது என்றால் முதல் மூன்று நாளுக்குக் காலை ஏது, மாலை ஏது என்று 3ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் ஒரிகன் கேட்டுவிட்டார். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் அகஸ்டினோ, கடவுள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார் என்றும், நாட்கள் நாம் விளங்கிக்கொள்வதற்கான ஒழுங்கு என்றும் கருதினார். பூமியையும் நட்சத்திரங்களையும் பற்றி விவரம் தெரிந்த அவிசுவாசிகள் முன்னால், வேதத்தின் பெயரால் கிறிஸ்தவன் உளறினால் வேதத்துக்கே கேலி வந்து சேரும் என்று எச்சரித்தவரும் அவர்தான். அப்போது தொலைநோக்கி கண்டுபிடிக்க இன்னும் 1,200 ஆண்டுகள் இருந்தன.

பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஜார்ஜ் லெமெத்ர், பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குருவானவர். அண்டம் விரிகிறது என்ற கட்டுரையை 1927இல் வெளியிட்டார். 1951இல் திருத்தந்தை 12ஆம் பியுஸ் இந்த அறிவியலைப் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது லெமெத்ருக்கு அது பிடிக்கவில்லை. விசுவாசத்தை ஒரு கொள்கையின் முதுகில் ஏற்றி வைத்தால், நாளைக்கு அந்தக் கொள்கை மாறும்போது விசுவாசமும் சேர்ந்து விழும் என்பது எளிதாகப் புரிகிற விஷயம். பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபை 1950இலேயே சொல்லிவிட்டது. அது வெறும் ஊகத்தைத் தாண்டிவிட்ட கொள்கை என்று 1996இல் இரண்டாம் ஜான் பால் ஏற்றார். சீர்திருத்த சபைகளில் ஒரே நிலை கிடையாது. நாள் என்பது நீண்ட யுகம் என்பவர்கள் உண்டு, பரிணாமம் கடவுள் கையாண்ட வழி என்பவர்கள் உண்டு, 24 மணி நேரம்தான் என்பவர்களும் உண்டு.

24 மணி நேரக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பரங்கிமலைக்கு யாத்திரை போகிறோமே, அந்த மலையும் பல்லாவரம் குன்றுகளும் சார்னோகைட் என்ற கருங்கல். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. இது குத்துமதிப்பு இல்லை. பாறைக்குள் சிர்க்கான் என்ற நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. அவை உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. பிறகு உள்ளே காணப்படும் ஈயம் எல்லாம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும், யுரேனியம் 235க்கு சுமார் 70 கோடி. வேகம் வேறுபட்ட இரண்டு கடிகாரங்கள் ஒரே படிகத்தில் ஓடுகின்றன. இரண்டும் ஒரே வயதைக் காட்டினால்தான் கணக்கை ஏற்பார்கள். இயேசுவின் சீடர் தோமா நடந்ததாக நாம் நம்பும் மலை இப்படிப்பட்ட சாட்சி சொன்னால், அதைக் கேட்பதில் விசுவாசத்துக்கு என்ன குறை?

அடுத்தது, வெளியிலிருந்து வந்த குற்றச்சாட்டு. 1967இல் வரலாற்றாசிரியர் லின் ஒயிட், இயற்கை சீரழிந்ததற்குப் பெரும் பொறுப்பு மேற்கத்தியக் கிறிஸ்தவத்தின் தலையில் இருக்கிறது, மனிதன் பூமியைக் கீழ்ப்படுத்தி ஆள வேண்டும் என்று அது போதித்ததே காரணம் என்று எழுதினார். பாதி நியாயம். ஆதியாகமம் முதல் அதிகாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அப்படித்தான் பல நூற்றாண்டு நடந்திருக்கிறது. ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும். முற்றுகையின்போதுகூடக் கனி தரும் மரத்தை வெட்டாதே என்கிறது உபாகமம் 20. குஞ்சோடு தாய்ப்பறவையையும் சேர்த்துப் பிடிக்காதே என்கிறது 22. யோபு 38இல் மனுஷன் இல்லாத வனாந்தரத்திலும் மழை பெய்யப்பண்ணுகிறவர் யார் என்று கடவுள் கேட்கிறார். நமக்குப் பயன்படாத இடத்துக்கும் மழை உண்டு என்ற அந்த ஒரு கேள்வி, புறம்போக்கு என்றாலே தரிசு என்று எழுதி வைக்கிற வழக்கத்துக்குப் போதுமான பதில்.

லேவியராகமம் 25க்கு நம் ஊரில் ஒரு நல்ல விளக்கவுரை இருக்கிறது, காசிமேட்டில். ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு என்கிறது வேதம். கிழக்குக் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் 61 ஆயிற்று. மீன் சினைபிடித்துப் பெருகும் காலம் என்பது அதன் காரணம். கட்டுமரமும் சிறு ஃபைபர் படகும் போகலாம். யாத்திராகமம் 23 நிலத்தின் ஓய்வைச் சொல்லும்போதே, அந்த ஆண்டில் தானாய் விளைவது எளியவர்களுக்கு என்று சேர்த்தே சொல்கிறது. நம் சபைகள் கோட்டைவிடும் இடம் இது. தடைக்காலம் முடிவதும் பள்ளிக்கூடம் திறப்பதும் ஒரே மாதம். படகு முதலாளி அந்த இரண்டு மாதத்தில் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார், பலகை மாற்றுவார், வர்ணம் அடிப்பார். பிடிப்பில் பங்கு பெற்றுப் படகில் போகும் தொழிலாளி வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டுவார். ஆகவே தடைக்கால உதவி என்றால் அதை ஏப்ரலில் அரிசியாகக் கொடுப்பதைவிட, ஜூன் முதல் வாரத்தில் பள்ளிக் கட்டணமாக நேரே கட்டுவதுதான் கந்துவட்டியைக் குறைக்கும்.

ஆமைகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. மூச்சு வாங்க மேலே வர வேண்டும். கரைக்கு அருகே இழுக்கும் மடிவலையில் மாட்டி நீரில் இருத்தி வைக்கப்பட்டால் மூழ்கியே சாகும். வலையின் கழுத்தில் சாய்வான கம்பிச் சட்டமும் மேலே ஒரு திறப்பும் வைத்தால் ஆமை வெளியேறும். கூடவே பெரிய மீனும் கொஞ்சம் போகும். அந்தக் கொஞ்சம்தான் சண்டையே. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்ற விதியைக் கடைப்பிடித்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு வருவோம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இந்தக் கழிமுகப் பகுதியிலும் அதை ஒட்டிய கரையிலும் எண்ணெய் இரண்டு முறை பெரிதாகப் பரவியது. 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக இறங்கியது. இரண்டு முறையும் பக்கெட்டும் மக்கும் கொண்டு அள்ளியது நமக்குத் தெரிந்ததே. எண்ணெய் ஏன் அலையாத்தியைக் கொல்கிறது என்பது கோயில்களில் பேசப்படுவதில்லை. சேற்றில் ஆக்சிஜன் இல்லை. ஆகவே வேரிலிருந்து பென்சில் போல மேலே நிமிரும் மூச்சுவேர்கள் சின்னச் சின்ன துளைகளால் காற்று வாங்குகின்றன. அந்தத் துளைகளை எண்ணெய் அடைத்தால் மரத்துக்கு மூச்சு முட்டும். இலை உடனே வாடாது. மாதங்கள் கழித்துத்தான் மேல்கிளை காயும், அதற்குள் நிவாரணக் கணக்கை முடித்திருப்பார்கள்.

எண்ணெயாவது கண்ணுக்குத் தெரிகிறது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் நீரோடு கரைத்துக் குழாய் வழியாகப் போகிறது. குழாய் ஒழுகும் இடங்களில் சாம்பல் கழிமுகத்தில் படிந்து ஆழத்தைக் குறைக்கிறது. ஆழம் குறைந்தால் கடலேற்றத்தில் உள்ளே வந்து போகும் நீரின் அளவு குறையும், முகத்துவாரம் மணலால் அடைபடும், மழைக்கு வெள்ளம் வடியாது. மீனவர் பிரச்சினை என்று ஒதுக்கியது ஊருக்குள் முழங்கால் தண்ணீராக வருவது இப்படித்தான்.

இதற்கு மேல் காக்கா ஆழி. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த சிறு சிப்பி. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் நீரில் வந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. நூல் போன்ற இழைகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஆற்றுப் படுகையில் பாய் விரித்தது போல் மூடிவிடும். அடியில் மஞ்சமட்டி என்ற நம் ஊர்ச் சிப்பி மூச்சு முட்டிச் சாகிறது. சேற்றில் புதைந்து கிடக்கும் இறாலுக்கு இடமில்லை. ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்குக் கால் கை கிழிகிறது. வாரி எடுத்துக் கரையோரமே கொட்டினால் வேலை பாதிதான். விட்டுப்போன திட்டிலிருந்து மிதக்கும் இளம்புழுக்கள் அடுத்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இந்தச் சிப்பி ஒரு நல்ல இறையியல் கேள்வி. அதையும் கடவுள்தானே படைத்தார்? ஆம், நல்லது என்று கண்டவற்றில் அதுவும் ஒன்று, அதன் கரையில். அங்கே அதைத் தின்னவும் அடக்கவும் உயிர்கள் உண்டு. அவற்றை விட்டுவிட்டுச் சிப்பியை மட்டும் கடல் தாண்டிக் கொண்டுவந்தது வியாபாரம். பாவம் எங்கே நுழைகிறது என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட, ஆப்பிள் படத்தைவிட இது உதவும்.

"உலகமே வெந்து அழியப் போகிறது, ஆற்றைக் காப்பாற்றி என்ன பிரயோஜனம்?" 2 பேதுரு 3ஐக் காட்டிக் கேட்பவர்கள் வட சென்னையில் நிறைய. அதே வேதத்தில் ரோமர் 8, சிருஷ்டி முழுவதும் தவிப்பது அழிவதற்காக அல்ல, விடுதலைக்காக என்கிறது. வெளிப்படுத்தல் 11:18இல் நியாயத்தீர்ப்பின் பட்டியலில் பூமியைக் கெடுத்தவர்களும் இருக்கிறார்கள். கடைசியில் புதிய எருசலேம் கீழே இறங்கி வருகிறது, நாம் மேலே தப்பிப் போவதாக அந்தக் காட்சியில் இல்லை. அழியப்போகிற உடம்புக்கு சுகர் மாத்திரை போடுகிறோமா இல்லையா?

இனி கிணறு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரையோரம் முழுதும் மணல். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீர் 1.025. இந்தச் சிறு வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியாகக் கண்ட கணக்கு. இதைத் திருப்பிப் படியுங்கள்: பம்ப் போட்டு மட்டத்தை ஒரு அடி இறக்கினால், நாளடைவில் உப்புநீர் 40 அடி ஏறும். மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. பிறகு அதே மீஞ்சூர் அருகே 2010இல் கடல்நீரிலிருந்து ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் எடுக்கும் ஆலை வந்தது.

கோயில் கமிட்டி வழக்கமாகச் செய்யும் தவறு, தண்ணீர் உப்பாகிவிட்டது என்றதும் இன்னும் ஆழமாக போர் போடுவது. மணல் கரையில் ஆழம் போகப் போக உப்பை நெருங்குகிறோம். ஆழமான ஒற்றைக் குழாயில் வேகமாக இழுத்தால், உப்புநீர் அதன் அடியில் கூம்பாக மேலெழும். வேண்டியது ஆழமில்லாத உறைகிணறு, அரை எச்.பி. மோட்டார், அரை மணி ஓட்டி இரண்டு மணி நிறுத்துவது. கல்யாணத்துக்கு மண்டபம் வாடகைக்கு விடும் நாளில்தான் இந்த ஒழுங்கு உடையும். முந்தைய நாளே தொட்டியை நிரப்பி வைத்தால் தப்பலாம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பம்ப் போட்டதும் ஒரு அளவு, அணைக்கும் முன் ஒரு அளவு எடுத்து நோட்டில் எழுதுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லையென்றால் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒரே ஓட்டத்தில் எண் ஏறினால் கூம்பு எழுகிறது, இழுக்கும் வேகத்தைக் குறைக்க வேண்டும். கோடையில் மட்டும் ஏறினால் மட்டம் தாழ்ந்திருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகும் இறங்கவில்லை என்றால் வேறு ஏதோ கலக்கிறது. பெரும்பாலும் சாக்கடை, அல்லது குடிநீரைச் சுத்திகரிக்க நாம் வைத்திருக்கும் ஆர்.ஓ. மெஷினே. ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் உப்புக்கழிவை அது தள்ளும். அந்தக் குழாயை மழைநீர்க் குழியில் விட்டிருக்கும் இடங்கள் உண்டு. கிணற்றில் நாமே உப்புப் போடுவதற்குச் சமம். கழிப்பறைக்கும் தரை கழுவவும் திருப்பிவிடுங்கள்.

மழைநீர் சேமிப்பு தமிழ்நாட்டில் 2003இலிருந்து கட்டாயம். குழாய் எல்லாக் கோயிலிலும் இருக்கிறது, ஆனால் வேலை செய்வதில்லை. 2,500 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 1,400 மி.மீ மழை, 80 சதவீதம் பிடிபட்டால் சுமார் 2,60,000 லிட்டர். மணிக்கு 100 மி.மீ அடிக்கும் மழைக்கு 4 அங்குலக் குழாய் ஒன்று ஏறக்குறைய 450 சதுர அடியைத்தான் தாங்கும். அந்தக் கூரைக்கு ஆறு குழாய் வேண்டும், இரண்டோ மூன்றோதான் இருக்கும். மீதி சுவரில் வழிந்து சர்ச் பெயின்ட்டைக் கெடுக்கும். முதல் 2 மி.மீ மழையைத் தனியாக வெளியேற்ற வேண்டும். இந்தக் கூரைக்கு அது 460 லிட்டர். நம் பக்கத்துக் கூரைகளில் புகையும் சாம்பலும் படிவதால் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. வடிகட்டியில் கீழே 40 மி.மீ ஜல்லி ஒரு அடி, மேலே 20 மி.மீ ஜல்லி ஒரு அடி, அதற்கு மேல் வலை, பிறகு அரை அடி கரடுமணல். செப்டம்பரில் மேல்மணலைச் சுரண்டி மாற்றாவிட்டால், முதல் பெருமழையிலேயே நீர் எதிர்த்து நிற்கும்.

கரையோரத்துக்கு இன்னொன்று: நவம்பரில் நிலத்தடி நீர் தரைக்கு மூன்று நான்கு அடிக்குள் ஏறிவிடும். அப்போது உறிஞ்சுகுழி எதையும் வாங்காது. ஆகவே முதலில் சம்ப் என்ற தரையடித் தொட்டி, அது நிரம்பினால் கிணறு, அதுவும் நிரம்பினால் தெரு வடிகால் என்ற வரிசை. வண்டி நிறுத்தும் இடத்து நீரைக் கிணற்றில் விடவே கூடாது, எஞ்சின் ஆயில் போகும்.

சபையார் கூடிச் சாப்பிடும் அன்பின் விருந்தின் கழிவை என்ன செய்வது என்பதையும் இதே நீர்மட்டம்தான் தீர்மானிக்கிறது. 400 பேர் சாப்பிட்டால் இலையும் மிச்சமுமாக ஆளுக்கு 200 கிராம் வைத்தாலும் 80 கிலோ. அது கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போகக் கூடாது என்று நினைத்து, குழி வெட்டி உரமாக்க ஆரம்பித்தால், மழையில் குழி முழுதும் கஞ்சியாகிவிடும். தரைக்கு மேலே, செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய தொட்டிதான் இங்கே சரி, மூன்றடிக்கு மூன்றடி. வாழையிலையை நறுக்கிப் போடுங்கள், முழுசாகப் போட்டால் ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும். ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு, கொஞ்சம் பழைய சாணி. வாரம் ஒரு முறை புரட்டினால் இரண்டு மாதத்தில் ஆகிவிடும். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், எறும்பு வந்தால் ஈரம் குறைவு. பிரியாணி எலும்பைத் தனியாக எடுக்காவிட்டால் பெருச்சாளி எடுத்துக்கொள்ளும். தட்டு, டம்ளர் விஷயத்தில் விவாதமே இல்லை: உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகித டம்ளர் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிக்கு மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே வந்துவிட்டது. எந்தச் சபை தெரிவித்தது?

மரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உப்புக்காற்றுக்குப் புன்னை, பூவரசு, புங்கை தாங்கும். 2016 வர்தா புயலில் சாய்ந்தவற்றில் மேலோட்டமான வேர் கொண்ட குல்மொஹர் நிறைய. பேவர் பிளாக்கை அடிமரம் வரை இறுக்கிப் பதிக்காமல் குறைந்தது மூன்றடி சதுரம் மண்ணாக விடுங்கள், தொட்டியில் வரும் உரத்துக்கும் அதுவே இடம். செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை பல திருச்சபைகள் படைப்பின் காலம் என்று அனுசரிக்கின்றன. மரம் நடும் போட்டோ எல்லாம் அந்த வாரங்களில்தான் வரும். நம் ஊருக்கு அது வடகிழக்குப் பருவமழைக்குச் சரியாக முன்னால் விழுகிறது. ஆகவே முதல் சனிக்கிழமை கூரையைக் கழுவி வடிகட்டி மணலை மாற்றுங்கள், இரண்டாவது சனிக்கிழமை குழாய்களில் வாளித் தண்ணீர் ஊற்றி எங்கே அடைத்திருக்கிறது என்று பாருங்கள், கன்றை அதற்குப் பிறகு நட்டுக்கொள்ளலாம். டி.டி.எஸ். நோட்டைப் பொருளாளரிடம் கொடுக்க வேண்டாம். மோட்டார் போடுகிற கோயில் பணியாளரான கோயில்பிள்ளையிடமே இருக்கட்டும், மீட்டரும் அவர் கையில்.